வேத வினாடி வினாவுக்கு வாலிபர் அணியைத் தயார் செய்தல்: அப்போஸ்தலர் நடபடிகளை வைத்து ஒரு வழிமுறை

திருமண்டல (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளுக்கான) வேத வினாடி வினா அறிவிப்பு வந்ததும் பல சபைகளில் யாராவது ஒருவர் கேள்வி–பதில் புத்தகம் ஒன்றை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவார். அதைப் படித்த அணி எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடும், மேடையில் தடுமாறும். காரணம் எளிது. "மெலித்தா தீவில் பவுலின் கையைக் கவ்வியது எது?" என்ற கேள்விக்கு "விரியன் பாம்பு" என்று படித்த பிள்ளைக்கு, நாலு வசனம் தள்ளியிருக்கிற புபிலியுவைத் தெரியாது. அவன் எத்தனை நாள் உபசரித்தான், அவன் தகப்பனுக்கு என்ன வியாதி என்று கேட்டால் விழிப்பார்கள். கேள்வி எழுதுகிறவர் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறார். படிக்கிறவர்களும் வேதத்திலிருந்தே படிக்க வேண்டும். கீழே உள்ள முறை முழுவதும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது.

உதாரணத்துக்கு அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக்கொள்வோம். 28 அதிகாரங்கள், 1007 வசனங்கள். பெயர், ஊர், எண், பிரசங்கம், பயணம் எல்லாம் நிறைந்த புத்தகம் என்பதால் கேள்வி தயாரிப்பவர்கள் இதை விரும்பி எடுப்பார்கள். வேறு பாடப்பகுதி வந்தாலும் முறை இதேதான்.

முதலில் சுற்றறிக்கை

சுற்றறிக்கையை வரிவரியாக வாசியுங்கள். எந்த மொழிபெயர்ப்பு, அணிக்கு எத்தனை பேர், வயது வரம்பு எந்தத் தேதியை வைத்து, தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பார்களா, பாஸ் ஆகும் கேள்விக்கு எவ்வளவு, பதிலைத் தலைவர்தான் சொல்ல வேண்டுமா யாரும் சொல்லலாமா, மேல்முறையீடு உண்டா? இதில் எது எழுதப்படவில்லையோ அதைப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். போட்டி நாளில் மேடைக்குப் பின்னால் நின்று கேட்பதில் பயனில்லை.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் கவனம் தேவை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைப் போட்டிகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமம்தான். கத்தோலிக்கப் பங்குகளில் திருவிவிலியம். அங்கே இந்தப் புத்தகத்தின் பெயரே 'திருத்தூதர் பணிகள்'. அணியில் எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பை, முடிந்தால் ஒரே அச்சுப் பதிப்பை வைத்திருக்க வேண்டும். வசனம் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பதையும் மனம் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். கைபேசியில் வாசித்தால் அந்த இட ஞாபகம் கிடைக்காது. வசனம் தேட கைபேசி நல்லது, படிக்கப் புத்தகம்தான்.

ஆள் தேர்வு

மூன்று பேர் அணி என்றால் ஐந்தாறு பேரைப் பயிற்சிக்கு எடுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் எப்போதும் பரிசு வாங்குகிறவர்களையே கூப்பிட்டு முடித்துவிடக் கூடாது. ஒரு சின்னச் சோதனை வையுங்கள்: 12-ஆம் அதிகாரத்தைக் கொடுத்து (25 வசனம்) பதினைந்து நிமிடம் வாசிக்கவிட்டு, புத்தகத்தை மூடச் சொல்லி இருபது கேள்வி கேளுங்கள். யாருக்கு மதிப்பெண் அதிகம் என்பதோடு, தெரியாத இடத்தில் யார் "தெரியாது" என்று சொல்கிறார், யார் அடித்துவிடுகிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடித்துவிடுகிற பழக்கம் நேரடிச் சுற்றில் உதவும், பஸ்ஸர் சுற்றில் (முதலில் பொத்தானை அழுத்தும் அணி பதில் சொல்லும் சுற்று) அணியைக் கவிழ்க்கும்.

பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை அணியில் இருந்தால் போட்டித் தேதியைப் பொதுத்தேர்வோடு ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பாதியில் ஆள் விலகினால் அவர் பொறுப்பிலிருந்த அதிகாரங்களும் அவரோடு போய்விடும்.

அந்தப் பொறுப்பைப் பிரிக்கும் விதம்: ஒருவருக்கு 1–9 (336 வசனம்), அடுத்தவருக்கு 10–19 (367), மூன்றாமவருக்கு 20–28 (304). கிட்டத்தட்டச் சமமாக வரும். எல்லாரும் எல்லாவற்றையும் வாசிக்கிறார்கள். ஆனால் தன் பகுதியில் எந்தக் கேள்வி வந்தாலும் கடைசிச் சொல் அவருடையது. அதோடு ஒவ்வொருவரும் அடுத்தவர் பகுதிக்கு இரண்டாவது காவலாகவும் இருக்கட்டும். எந்த அதிகாரமும் ஒரே ஆளை நம்பி நிற்கக் கூடாது.

பத்து வாரக் கணக்கு

முதல் வாரம் புத்தகம் முழுவதையும் மாறிமாறிச் சத்தமாக வாசித்து முடியுங்கள். ஒரே மூச்சில் என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டு அமர்வாகப் பிரித்தாலும் சரி. இந்த வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். எருசலேமில் தொடங்கி ரோமாபுரியில் முடிகிற கதையின் ஓட்டம் பிடிபட்டால் போதும். அடுத்த ஏழு வாரம், வாரத்துக்கு நாலு அதிகாரம். கடைசி இரண்டு வாரம் மாதிரிப் போட்டி மட்டும். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒன்றரை மணி நேரம், வாரநடுவில் ஒரு மணி நேரம், வீட்டில் தினமும் 25 நிமிடம். இதற்கு மேல் கேட்டால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். இதற்குக் கீழே போனால் 1007 வசனம் நிற்காது.

ஒவ்வொரு அதிகாரத்துக்கும் மூன்று வாசிப்பு. முதலாவது சத்தமாக. இரண்டாவது பென்சிலோடு: ஆள் பெயருக்கு வட்டம், ஊருக்குச் சதுரம், எண்ணுக்கும் காலத்துக்கும் அடிக்கோடு, யாராவது பேசத் தொடங்கும் இடத்தில் ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்றாவது, புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் திறந்து வைத்து விட்டுப்போனதைப் பிடிப்பது. மூன்றாவது வாசிப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். உண்மையில் மனதில் பதிய வைப்பது அதுதான்.

அதிகாரத்துக்கு ஓரிரு சொல்லில் ஒரு தலைப்பும் வையுங்கள்: 1 மத்தியா, 2 பெந்தெகொஸ்தே, 3 அலங்கார வாசல், 5 அனனியா சப்பீராள், 6 எழுவர், 8 எத்தியோப்பிய மந்திரி, 9 தமஸ்கு வழி, 10 கொர்நேலியு, 27 கப்பற்சேதம், 28 மெலித்தா. பிள்ளைகளே வைத்த தலைப்பாக இருக்கட்டும். "இந்தச் சம்பவம் எந்த அதிகாரம்?" என்ற கேள்விக்கு இரண்டு நொடியில் பதில் வர வேறு வழியில்லை.

சார்ட் பேப்பரில் ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பவுலின் முதல் பயணம் 13–14 அதிகாரங்கள், இரண்டாவது 15:36 முதல் 18:22 வரை, மூன்றாவது 18:23-லிருந்து எருசலேம் வரை, ரோமாபுரிக் கப்பல் 27–28. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். உடன்போனவர்கள் எங்கே சேர்ந்தார்கள், எங்கே பிரிந்தார்கள் என்று அந்தந்த ஊரின்மேலேயே எழுதுங்கள்: மாற்கு என்னும் யோவான் பெர்கேயில் விட்டுப்போகிறான், தீமோத்தேயு லீஸ்திராவில் சேருகிறான், 16:10-இல் கதை "அவர்கள்" என்பதிலிருந்து "நாங்கள்" என்று மாறுகிறது.

பிள்ளைகளே கேள்வி எழுத வேண்டும்

வாரத்துக்கு ஆளுக்கு நாற்பது கேள்வி, அதிகாரத்துக்குப் பத்து. வசன எண் இல்லாத கேள்வியை ஏற்காதீர்கள். ஒரே சரியான பதில்தான் இருக்க வேண்டும். ஒரு வசனத்தை மூன்று பக்கத்திலிருந்து கேட்கப் பழக்குங்கள். 10:1-ஐ எடுத்தால்: கொர்நேலியு எந்தப் பட்டாளத்தைச் சேர்ந்தவன், இத்தாலியா பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி யார், அவன் எந்தப் பட்டணத்தில் இருந்தான்? இப்படி எழுதிப் பழகியவர்கள், வாசிக்கும்போதே "இது கேள்வியாக வரும்" என்று உணர்ந்துவிடுவார்கள்.

கணக்குப் போட வைக்கும் கேள்விகளையும் எழுதச் சொல்லுங்கள். சிறையில் பேதுருவைக் காவல்காத்த சேவகர் எத்தனை பேர் என்றால் வசனத்தில் பதில் நேராக இல்லை: வகுப்புக்கு நாலு பேராக நாலு வகுப்பு, பதினாறு. பவுலைச் செசரியாவுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டவர்கள் 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர், கூட்டினால் 470. மேடையில் கூட்டிக்கொண்டிருக்க நேரம் இராது.

குழப்பப் பட்டியல்

பயிற்சியாளர் தன் கையாலேயே செய்ய வேண்டிய வேலை இது. மேடையில் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி, ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைச் சொல்வதால்தான் போகிறது. ஒரு 80 பக்க நோட்டை இதற்கென்றே ஒதுக்கி, ஒத்துப்போகும் விஷயங்களை அருகருகே எழுதுங்கள்.

அனனியா மூன்று பேர்: சப்பீராளின் புருஷன் (5), தமஸ்குவிலிருந்த சீஷன் (9), பவுலின் வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியன் (23). அந்தியோகியா இரண்டு: சீஷர்களுக்கு முதல்முதல் கிறிஸ்தவர்கள் என்ற பேர் வழங்கியது சீரியாவில் (11:26), பவுல் ஜெப ஆலயத்தில் நீண்ட பிரசங்கம் செய்தது பிசீதியாவில் (13:14). சீமோன் என்றால் பேதுரு மட்டுமல்ல. சமாரியாவின் மாயவித்தைக்காரன், யோப்பாவில் தோல் பதனிடுகிறவன் இருவரும் உண்டு, கூடவே நீகர் என்னப்பட்ட சிமியோன். பட்டாளம் இரண்டு: கொர்நேலியுவுக்கு இத்தாலியா, யூலியுவுக்கு அகுஸ்து. யாக்கோபு இரண்டு: 12-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பட்டயத்தால் கொலையுண்டவன் யோவானின் சகோதரன். அதே அதிகாரத்தில் பேதுரு செய்தி சொல்லச் சொல்கிற யாக்கோபு வேறு.

தங்கிய காலங்கள் இன்னொரு கண்ணி. கொரிந்துவில் ஒரு வருஷமும் ஆறு மாதமும் (18:11). எபேசுவில் திறன்னுவின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் (19:10). ஆனால் எபேசு மூப்பரிடம் பவுல் சொல்வது மூன்று வருஷகாலம் (20:31). செசரியாவில் பேலிக்ஸின் காலத்தில் இரண்டு வருஷம் (24:27). ரோமாபுரியில் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் முழுவதும் (28:30). ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, வாரம் ஒருமுறை வரிசை மாற்றிக் கேளுங்கள்.

திரும்பச் சொல்லப்படும் சம்பவங்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பவுலின் மனந்திரும்புதல் 9, 22, 26 அதிகாரங்களில் மூன்று முறை வருகிறது. 9:7-இல் கூட இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், ஒருவரையும் காணவில்லை. 22:9-இல் வெளிச்சத்தைக் கண்டார்கள், தன்னோடே பேசினவருடைய சத்தத்தைக் கேட்கவில்லை என்கிறார் பவுல். மத்தியான வேளை என்பது 22-இலும் 26-இலும் மட்டும். எபிரெயு பாஷையில் சத்தம் கேட்டதென்பது 26-இல் மட்டும். மூன்று பத்தியுள்ள அட்டவணை போட்டு, எது எங்கே உண்டு, எங்கே இல்லை என்று குறியுங்கள். கொர்நேலியுவின் வீட்டுச் சம்பவத்துக்கும் அப்படியே: பேதுருவோடு போன சகோதரர் ஆறு பேர் என்ற எண் 10-ஆம் அதிகாரத்தில் இல்லை, 11:12-இல்தான் இருக்கிறது.

வேறு புத்தகத்தோடு மோதுகிறவையும் உண்டு. யாக்கோபின் குடும்பத்தார் ஸ்தேவானின் பேச்சில், 7:14-இல், 75 பேர். ஆதியாகமம் 46:27-இல் 70. பிள்ளைகள் ஆதியாகமத்தைச் சின்ன வயதிலேயே படித்திருப்பதால் வாயில் 70 வந்துவிடும். கேள்வியில் "ஸ்தேவான் கூறியபடி" என்ற சொற்கள் இருக்கிறதா என்று காதுகொடுக்கப் பழக்குங்கள்.

யார் யாரிடம் சொன்னது என்ற சுற்றுக்கு 24 முதல் 26 வரை தனியாக உழையுங்கள். பேலிக்ஸ், பெஸ்து, அகிரிப்பா மூவரும் அடுத்தடுத்துப் பவுலை விசாரிக்கிறார்கள், பேச்சும் ஒரே சாயலில் இருக்கும். "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" பேலிக்ஸ். "பவுலே, நீ பிதற்றுகிறாய்" பெஸ்து. "கொஞ்சங்குறைய நீ என்னைச் சம்மதிக்கப்பண்ணுகிறாய்" அகிரிப்பா.

மனப்பாடமும் தமிழ் வாசிப்பும்

முப்பது வசனம் போதும்; 1:8, 2:38, 4:12, 16:31, 17:28, 20:35 போன்றவை கட்டாயம். வசனத்தோடு முகவரியும் சேர்த்தே சொல்ல வேண்டும், முன்னும் பின்னும். படித்த அன்று, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என்று கேளுங்கள். "பெலனடைந்து" என்று இருக்கும் இடத்தில் "பலமடைந்து" என்றால் தவறு என்றே குறியுங்கள். பயிற்சியில் விட்டுக்கொடுத்தால் மேடையில் நடுவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசி அவர்களைக் கூசவைக்காதீர்கள். அப்படிக் கூசிப் பின்வாங்கிய பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது பெரும்பாடு. ஒலி வேதாகமத்தை ஓடவிட்டு, அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடரச் சொல்லுங்கள். நாலைந்து வாரத்தில் வேகம் வந்துவிடும். பெயர்களைத் தமிழ் வேதத்தில் உள்ளபடி வாய்விட்டுச் சொல்லவும் எழுதவும் பழக்குங்கள்: ஐத்திகு, தொற்காள், ஐனேயா, பெர்னீக்கேயாள், தெர்த்துல்லு. எழுத்துத் தேர்வில் எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் போகுமா என்பதை முன்பே கேட்டுவையுங்கள்.

பஸ்ஸர்

வாலிபர் கூட்டத்திலேயே ஒன்று செய்துகொள்ளலாம். அணிக்கு ஒரு காலிங் பெல் சுவிட்ச், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன பஸ்ஸர், 470 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்.இ.டி. விளக்கு. சுவிட்சை அழுத்தினால் சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து வர வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். இதில் முதலில் அழுத்தியவரைத் தவிர மற்றவர்களைத் தடுக்கும் வசதி இல்லை. ஆகவே விளக்கை மட்டும் பார்க்க ஒருவரை உட்கார வையுங்கள்.

அழுத்தும் நேரம் ஒரு தனிக் கலை. தமிழ்க் கேள்வியில் வினாச்சொல் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. "திறன்னு என்னும் ஒருவனுடைய வித்தியாசாலையிலே பவுல்..." என்று வாசித்ததுமே அழுத்திவிட்டால், வரப்போவது "எத்தனை வருஷம்" என்பதா, "எந்தப் பட்டணத்தில்" என்பதா என்று தெரியாது. 'யார், எந்த, எத்தனை, எங்கே' காதில் விழுந்த கணம்தான் அழுத்த வேண்டிய கணம். பயிற்சிக்கு: கேள்வியை மெதுவாக வாசியுங்கள், வினாச்சொல்லுக்கு முன் அழுத்தினவருக்குப் பதில் சரியாக இருந்தாலும் மதிப்பெண் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் கை அடங்கும்.

கணக்கையும் சொல்லிக்கொடுங்கள். சரிக்கு 10, தவறுக்கு 5 கழிவு என்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் சரியாக வந்தாலே நஷ்டமில்லை. கழிவும் 10 என்றால் பாதிக்கு மேல் வேண்டும். ஆனால் தவறினால் கேள்வி அடுத்த அணிக்குப் போகிற போட்டியில் இந்தக் கணக்கு போதாது. பத்தில் ஏழு நிச்சயம் இருந்தால் மட்டும் அழுத்தட்டும். கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருக்கும் அணி கையை மடியில் வைத்திருப்பதே நல்லது.

கலந்துபேசப் பத்து நொடி கொடுத்தால் அதில் பாதி "நீ சொல்லு" என்பதிலேயே போய்விடும். விரல் அடையாளம் வையுங்கள்: மேசைக்குக் கீழே மூன்று விரல் என்றால் வசனமே தெரியும், இரண்டு என்றால் ஏறக்குறைய நிச்சயம், ஒன்று என்றால் ஊகம். அதிக விரல் காட்டினவரின் பதிலைத் தலைவர் சொல்ல வேண்டும், தன் ஊகத்தை அல்ல. இந்த ஒழுங்கை மாதிரிப் போட்டியில் மீறினால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

மாதிரிப் போட்டியும் போட்டி நாளும்

கடைசி இரண்டு வாரத்தில் குறைந்தது மூன்று மாதிரிப் போட்டி. கேள்வி கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். உங்கள் குரலுக்கும் நடைக்கும் பிள்ளைகள் பழகியிருப்பார்கள். சேகரத்தின் (ஒரே குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) வேறொரு சபையிலிருந்து ஆசிரியர் ஒருவரை அழைத்து, மைக் வைத்து, பெற்றோரையும் வாலிபர் ஐக்கியத்தாரையும் எதிரில் உட்காரவைத்து நடத்துங்கள். வீட்டில் சரளமாகச் சொன்ன பிள்ளை மைக்கைக் கண்டதும் உறைந்துபோவது சகஜம். இரண்டு முறை மைக்கில் பேசிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முந்தின இரவு புதிதாக எதையும் படிக்க விடாதீர்கள். குழப்பப் பட்டியலை ஒருமுறை புரட்டிவிட்டுத் தூங்கட்டும். காலையில் வயிற்றுக்கு லேசாக இட்லி போதும், கையில் தண்ணீர். அச்சு வேதாகமம் ஒன்று உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

நடுவர் சரியான பதிலைத் தவறு என்று சொல்லிவிட்டால், அடுத்த கேள்வி தொடங்குவதற்குள் தலைவர் மட்டும் கையை உயர்த்தி, "ஐயா, 20:31-ஐப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று வசன எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். விவாதம் வேண்டாம். பார்வையாளர் வரிசையிலிருந்து நீங்களோ பெற்றோரோ குரல் கொடுத்தால் அணியையே விலக்கிவிடக்கூடும். பெற்றோரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். நடுவர் மறுத்தால் நன்றி சொல்லி உட்காரட்டும். அதை மனதில் வைத்துக்கொண்டே அடுத்த இரண்டு கேள்வியையும் விட்டுவிடும் அணிகள் அதிகம். ஆகவே மாதிரிப் போட்டியிலேயே வேண்டுமென்றே ஒரு தவறான தீர்ப்பைக் கொடுத்துப் பழக்குங்கள்.

போட்டி முடிந்த அன்றே, வீடு திரும்பும் வழியில், கேட்கப்பட்ட கேள்விகளை நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: வாசிக்கவே இல்லையா, வாசித்துக் குழம்பியதா, தெரிந்தும் அழுத்தத் தாமதமா, சொல்ல விடவில்லையா? முதல் இரண்டும் அதிகம் என்றால் அடுத்த வருஷம் வாசிப்பு வாரங்களைக் கூட்டுங்கள். பின் இரண்டும் அதிகம் என்றால் மாதிரிப் போட்டிகளைக் கூட்டுங்கள்.